குப்பியில் நீலம்

மூன்றடித் தொட்டி, எண்பது ரிங்கிட்.
விளக்கும் இரும்புத் தாங்கியும் இனாம்.
செம்பனைக் குலை இறக்கிவிட்டுத் திரும்பும் லோரியில் ஏற்றி
ஹபிசுல் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து வைத்தான்.
இரவு பத்தரைக்குத்தான் செய்தி வந்தது:
"காக், சொல்ல மறந்துட்டேன்.
மீனுக்கு வெண்புள்ளி வந்தப்ப
செம்பு மருந்து போட்டிருக்கேன். நாலு வாரம்."

நாலு வாரம்.

மீனை அது காப்பாற்றியிருக்கும், சந்தேகமில்லை.
செதிலில் ஏறிய ஒட்டுண்ணிதான் செத்திருக்கும்.
இறாலுக்கும் நத்தைக்கும்
எலும்பில்லாமல் வாய் திறந்திருக்கும் பவளத்துக்கும்
அதே சொட்டு எமன்.

நான் கிளினிக்கில் மருந்து கட்டித் தருகிறவள்.
ஒருவர் மாத்திரையை இன்னொருவர் விழுங்காதீர்கள் என்று
நாளுக்கு நாற்பது முறை சொல்கிற வாய் இது.

முதலில் மணல்.
சுண்ணாம்பு எதுவானாலும் செம்பைக் குடித்து வைத்துக்கொள்ளும்,
பிறகு வட்டியோடு கக்கும்.
சாக்கடையில் கொட்டலாம் என்று வாளியைத் தூக்கினேன்.
சாக்கடை ஆற்றுக்குப் போகிறது.
ஆறு கோல சிலாங்கூருக்குப் போகிறது.
அங்கே மின்மினிப் புழுக்கள்
கரையோர நத்தைகளைத் தின்று வளர்கின்றன.
வாளியைக் கீழே வைத்தேன்.
மறுநாள் சிமெண்டோடு குழைத்து
மோட்டார் ஏறுகிற சரிவுக்குப் பூசினேன்.
கல்லையும் அதற்குள்ளேயே புதைத்தேன்.

பிறகு காடி. பசார் மாலாமில் மலிவாக ஆறு போத்தல்.
எதிர்வீட்டு அஞ்சலாட்சி மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தாள்:
"யாரு கல்யாணத்துக்கு அச்சார் போடுற?"
சொன்னேன்.
"செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதுடி,
நான் தினமும் குடிக்கிறேன்" என்றாள்.
நல்லதுதான், நீ பவளம் இல்லை.

கண்ணாடி எதையும் வைத்துக்கொள்வதில்லை.
ஒட்டியிருக்கும் மூலைகள்தான்.
விரல் அகலச் சிலிக்கன், பழுப்பேறி,
தொட்டால் மெத்தென்று,
கேட்டால் ஒன்றும் சொல்லாது.
இந்த ஊருக்கும் பெயரைக் கழுவிப் புதுசு வைத்தார்கள்.
பலகை பெஸ்தாரி ஜெயா என்கிறது.
பஸ்ஸில் ஏறுகிறவர் இன்னும்
பத்தாங் பெர்ஜுந்தைக்குத்தான் டிக்கெட் கேட்கிறார்.

வடிகட்டிய நீர் நிரப்பி, கரிப்பை தொங்கவிட்டு,
ஒரு வாரம் ஓடவிட்டு,
குப்பியில் ஐந்து சொட்டு.
நீலம்.
கொட்டினேன். நிரப்பினேன்.
நீலம், கொஞ்சம் வெளுத்து.
துரைசிங்கம் மில்லிலிருந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல்
"புதுத் தொட்டி இருநூத்தம்பதுதானே" என்றான்.
கணக்கில் அவன் சரி.
காடிக்கும் கரிக்கும் சோதனைப் பெட்டிக்கும்
நூற்றுத் தொண்ணூறு ஆகியிருந்தது.
அதை அவனிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் வாரம் குப்பி தண்ணீர் நிறத்திலேயே நின்றது.
பெட்டியின் பூச்சியம் அது.
பவளத்தின் பூச்சியம் அதற்கும் கீழே எங்கோ இருக்கிறது,
அந்த ஆழம் அளக்க என்னிடம் கருவி இல்லை.

உப்பு கலந்து, ஒரு நாள் பொறுத்து,
கிள்ளானிலிருந்து ஒரு நத்தை. மூன்று ரிங்கிட்.
பெயர் வைக்கவில்லை.
பெயர் வைத்துவிட்டால் இதை நான் செய்திருக்க மாட்டேன்.

இரண்டாம் இரவு மல்லாந்து கிடந்தது.
கையை விட்டுப் புரட்டி வைத்தேன்.
விளக்கை அணைத்தேன், மறுபடி போட்டேன்.
மன்னிப்பு கேட்பதா, யாரிடம்,
எந்த மொழியில் என்று தெரியாமல்
தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

விடியலில் காலை ஷிப்டுக்கு மில் சங்கு ஊதியபோது
அது அடியில் இல்லை.
தேடினேன்.
இடது மூலையில், பாதி உயரத்தில்,
அந்தப் பழுப்புச் சிலிக்கனையே
சின்ன வாயால் சுரண்டிச் சுரண்டி
மேலே போய்க்கொண்டிருந்தது.

பவளத்துக்கு இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும்.
குப்பியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு
வேலைக்குப் போனேன்.