தொண்ணூறில் ஒரு பள்ளம்

லாஸ் ப்ளூமாஸில் என் பட்டறை.
சாலை கிழக்கே போனால் கடல், மேற்கே போனால் மலை.
நடுவில் நானும் காற்றும்
காற்று கொண்டுவந்து வேலியில் மாட்டும் பைகளும்.

எலினெட் பியூ எஞ்சினை அணைக்காமலே சொன்னாள்:
"மூச்சு வாங்குகிறது, அபோலினாரியோ.
புறப்படும்போது இல்லை. ஏற்றத்தில் இல்லை.
தொண்ணூறில், நேர்ச்சாலையில்,
காலை அசைக்காமல் வைத்திருக்கும்போது மட்டும்
யாரோ பின்னாலிருந்து இழுத்து விடுகிறார்கள்,
இழுத்து விடுகிறார்கள்."

பின்சீட்டில் பெல்ட் போட்ட நீலப் பெட்டி:
பனிக்கட்டி, குழாய் குழாயாக ரத்தம்.
மேட்டுநில ஊர்களின் சர்க்கரையும் காய்ச்சலும்
வாரம் மூன்று தடவை ட்ரெலியூவுக்குப் போகின்றன.
பதினோரு வருடமாக. இதே ரெனோவில்.

காற்றாக இருக்கும் என்றேன்.
இங்கே எதற்கும் காற்றைச் சொல்லிவிடலாம்,
கூரை போனதற்கு, மனைவி போனதற்கு.
அவள் பேசாமல் போய்
காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு ஓட்டிவிட்டு வந்தாள்.
"அதே இழுப்பு."

ப்ளக்குகளைக் கழற்றினேன்.
நாலும் பிஸ்கட் நிறம், குறை சொல்ல ஒன்றுமில்லை.
ஃபில்டரை மாற்றினேன். பெட்ரோல் அழுத்தம் பார்த்தேன்,
முள் ஆணி அடித்ததுபோல் நின்றது.
ரப்பர் குழாய்களின் கழுத்தில் க்ளீனர் தெளித்தேன்.
திருட்டுக் காற்று நுழையும் ஓட்டை இருந்தால்
எஞ்சின் அங்கேயே உளறிவிடும்.
உளறவில்லை.
மாமனார் வீட்டு விருந்தில் புது மாப்பிள்ளைபோல்
அவ்வளவு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லை, ஏறி உட்கார்ந்தேன்.
முழங்கால்களுக்கு நடுவே மாத்தே குடுவை.
முள்செடி, முள்செடி, குவனாக்கோ கூட்டம், முள்செடி.
தொண்ணூறு வந்தது.
குடுவைக்குள் தண்ணீர் முன்னால் சாய்ந்தது,
பின்னால் சாய்ந்தது,
நாலு எண்ணுவதற்குள் மறுபடி முன்னால்.

"எண்பதுக்கு இறக்கு."
தண்ணீர் சும்மா இருந்தது.
"நூறு."
சும்மா இருந்தது.
"தொண்ணூறு."
என் கால்சட்டையில் கொட்டியது.

வேகம் கெட்டிருக்கவில்லை.
ஒரு வேகம் கெட்டிருந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும்
எண் காட்டும் மீட்டரை ஒதுக்கினேன்.
அது கண்ணிமைக்கும் தவறைக் கணக்கில் எடுக்காது.
என் பழைய முள் மீட்டரை
த்ராட்டில் சென்சாரின் கம்பியில் செருகினேன்.
"பெடலை அழுத்து. மெதுவாக. இன்னும் மெதுவாக.
எறும்பு ஏறுவதுபோல்."

அரை. முக்கால். ஒன்று.
முள் வழுக்கி ஏறிக்கொண்டிருந்தது.
ஒன்றேகாலைத் தாண்டியதும்
தொபுக்கென்று தரைக்கு விழுந்து
ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஏறியது.
"திரும்ப."
அதே இடம்.
"திரும்ப."
அதே இடம்.

மூடியைப் பெயர்த்துக் காட்டினேன்.
கரிப்பூச்சின் மேல் ஒரு நகக்கண் அளவு தேய்மானம்,
அடியில் வெளுப்பு தெரிந்தது.
மற்ற இடமெல்லாம் புதுசு.
முழுக்க அழுத்தும் மூலையில் கீறல்கூட இல்லை.
"அங்கே நீ போனதே இல்லையா?"
"பெட்டியில் ரத்தம் இருக்கிறதே" என்றாள்.
சற்றுப் பொறுத்து,
"திரும்பி வரும்போது இருக்காது. அப்போதும் தொண்ணூறுதான்."

புதுசு வியாழக்கிழமை பஸ்ஸில் வரும்.
அதுவரை எண்பதில் போ என்றேன்.
போனாள். பொருத்தினேன் வெள்ளியன்று.
காசை எண்ணி வைத்துவிட்டுக் கேட்டாள்,
"இது எவ்வளவு நாள் தாங்கும்?"

"நீ தொண்ணூறில் போனால்
பதினோரு வருடம்."

கதவை அவள் சாத்தவில்லை. காற்று சாத்தியது.
பழைய சென்சார் மேஜையில் கிடக்கிறது.
வேலை இல்லாத மதியங்களில்
அதன் அச்சைக் கட்டைவிரலால் திருப்பி
முள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
அது தவறுவதே இல்லை.