இருபத்துமூணு – இருபத்துநாலு

ராத்திரி பத்தரைக்கு அந்தத் தொடர்.
ஏதோ குளிர்நாட்டுத் துடுப்புப் படகுக் குழு,
தமிழ் பேச வைத்திருக்கிறார்கள்.
"நண்பா, உனக்கு நான் துரோகம் இழைத்துவிட்டேன்"
என்கிறான் ஈரத்தலைக்காரன்.
மற்றவன் அவனை ஏரிக்குள் தள்ளுகிறான்.
இருவரும் சிரிக்கிறார்கள். வயலின்.
விளம்பரம் வருவதற்குள் முடிந்துவிட்டது மன்னிப்பு.

வாசலில் மொபெட் நின்ற சத்தம்.
அப்புறம் ஓர் ஆட்டின் சத்தம்.

ஆறு வருசம் முன்னால்
குன்னத்தூர் நோம்பிக்கு மின்னொளி வாலிபால்.
முதல் பரிசு எவர்சில்வர் அண்டாவும் ஒரு கெடாயும்.
அரையிறுதி முடிந்ததுமே
கெடாய்க்குப் பேர் வைத்துவிட்டோம்: கலெக்டர்.
இருபத்துமூணு – இருபத்துநாலு.
சர்வீஸ் அர்த்தநாரி.
தூக்கத்திலும் கோட்டில் போடுகிற கை
நேராக வலையில் அடித்தது.
பந்து உருண்டு என் காலுக்கே வந்தது.
எடுத்துக்கொண்டு திரும்பினேன்.
அவன் என்னைப் பார்க்கவில்லை,
பூச்சி மொய்த்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினாறாயிரம் என்று பிறகு தெரிந்தது.
இரண்டு மாசச் சீட்டுப் பாக்கி.
பெரிய பாவம்கூட இல்லை,
அதுதான் எனக்கு ஆறவேயில்லை.

"உள்ள வரலாங்களா?" என்கிறான் இப்போது.
ஐந்தாம் வகுப்பில் என் டவுசரை உருவியவன்
எனக்கு 'ங்க' போடுகிறான்.
"புளியம்பட்டிச் சந்தைல புடிச்சனுங்க.
கலெக்டருங்க."
கயிற்றை நீட்டினான். நான் வாங்கவில்லை.
ஏரிக்காரர்கள் மறுபடி படகேறினார்கள்.

கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"பெருமாநல்லூர்ப் பொண்ணு வீட்டுல
நீங்க சொன்னது தெரியுங்க."

டீக்கடையில்தான் கேட்டார்கள்,
பையன் எப்படீங்க என்று.
"நம்பி ஒரு பந்துகூடக் குடுக்க முடியாதுங்க" என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.
அவர்கள் பாதி டீயில் எழுந்துபோனார்கள்.
காசு நான்தான் கொடுத்தேன்.
பெண்டாட்டியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

"எப்பத் தெரியும்?"
"அன்னிக்கேங்க."

தெரிந்துகொண்டேதான்
எத்தனையோ தடவை எதிரில் வந்து
வண்டியை ஓரம் கட்டி எனக்கு வழிவிட்டிருக்கிறான்.
தெரிந்துகொண்டேதான்
இந்த ஆட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்து
விலை பேசியிருக்கிறான்.

நான் வாயைத் திறக்குமுன்
கலெக்டர் உள்ளே போய்விட்டது.
கொடியில் காய்ந்த என் பழைய பனியனில்
ஏழாம் நம்பரைத் தின்ன ஆரம்பித்தது.
ஆளுக்கொரு பக்கம் ஓடி
நான் துணியை இழுக்க, அவன் கயிற்றை இழுக்க,
"விட்றா, கிழியுதுடா!" என்று கத்தினான்.

ஆட்டைச் சொன்னானோ, என்னைச் சொன்னானோ.
டா.
கிழிந்துதான் போனது.

ஞாயிற்றுக்கிழமை, ஊத்துக்குளி ஸ்டேசனுக்குப் பின்னால்.
பையன்கள் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.
பந்தை அவனிடம் வீசினேன்.
யாரும் பேசவில்லை.
இரண்டு தரம் தட்டினான், தூக்கினான்,
அடித்தான்.
வலை.

சுண்ணாம்பு டப்பாவோடு ஒருத்தன் அப்படியே நின்றான்.
"இதுக்கு எவ்வளவுடா குடுத்தாங்க?" என்றேன்.

எப்படி வந்தது என் வாயில் என்று தெரியவில்லை.
அர்த்தநாரி முட்டியில் கை ஊன்றிக் குனிந்தான்.
தோள் குலுங்கியது.
சிரிப்பா மற்றதா என்று
வலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தெரியாது.
நான் போய்ப் பார்க்கவுமில்லை.

பெருமாநல்லூர்ப் பெண்ணுக்கு
இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாம்.
அங்கே போய் நான் என்ன சொல்ல?
ஒருநாள் போக வேண்டும்.

பேர் வைத்த ஆட்டை அறுக்கக்கூடாது
என்று சொல்லிவிட்டாள் வீட்டில்.
கம்பத்தடியில் கட்டிக்கிடந்த அது
அம்பயர் மாதிரி எங்களைப் பார்த்து அசைபோட்டது.

பந்தை எடுத்து வலைக்கு அடியில் உருட்டினேன்.
"இன்னொண்ணு போடு" என்றேன்.