படி

சூரமங்கலம் ரயில்வே கேட்டுக்கு எதிரே
மெஸ்ஸுக்கு மேலே எங்கள் சங்க அலுவலகம்.
பதினேழு படி. பதினோராவது உடைந்திருக்கும்.
ஏறுகிறவர் யாரென்று
அங்கே கால் தயங்குவதை வைத்தே சொல்லிவிடுவேன்.
தோழர் அர்த்தனாரி மட்டும் தயங்கமாட்டார்.
பத்திலிருந்து பன்னிரண்டுக்குத் தாவுவார்,
அறுபது வயதிலும்.

நான் ரசீது எழுதுகிறவள்.
மாதச் சந்தா இரண்டு ரூபாய்.
மேல்தாள் சுரங்கத்து ஆளுக்கு,
கார்பனுக்குக் கீழே பதிவது எனக்கு.

அவரைப் பற்றிக் கேட்டால்
முதலில் இதைத்தான் சொல்வேன்:
வெள்ளைக்கல் தூசியில் இருமிச் செத்தவர்களுக்கெல்லாம்
காசநோய் என்று எழுதிக்கொண்டிருந்த கம்பெனி டாக்டரின்
மேசைமேல் ஒரு கைப்பிடி தூசியைக் கொட்டி
"மோந்து பாருங்க சார்" என்றவர் அவர்.
பஞ்சப்படி வாங்கித் தந்தவர்.
நாற்பத்தோரு நாள் வேலைநிறுத்தத்தில்
வீட்டுக்கு நாலு படி கேழ்வரகு அளந்தவர்.
கேழ்வரகு வாங்கக் காசு ஏது என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.
நானும்.

பிறகும் கேட்கவில்லை, எழுதினேன்.
டீசல், நான்கு வண்டி.
கருப்பூர் செக்போஸ்ட், அன்பளிப்பு.
செட்டிச்சாவடிப் பசங்கள், சாப்பாடு.
அந்தச் சாப்பாடு சாப்பாடு இல்லையென்று
கீழே மெஸ்காரருக்கே தெரியும்.

ராத்திரியில் குவாரியிலிருந்து கல் போகும்.
"அவன் திருடினதைத்தானே நாம திருப்பி எடுக்கறோம்" என்பார்.
கேட்க நன்றாகத்தான் இருந்தது.
எடுத்தது யார் வீட்டுக்குப் போனது என்ற இடத்தில்
கணக்கு உதைக்கும்.
மலைமேல் நாகலூர்ப் பக்கம் பன்னிரண்டு ஏக்கர் காபி,
மச்சினன் பேரில்.
அவர் சட்டைக் காலர் மட்டும் அதே கிழிசல்,
அவரே ஊசி கோத்துத் தைத்தது.

பேரிலேயே பாதி பாதி என்பார் மெஸ்காரர்.
எனக்குச் சிரிப்பு வராது.
இரண்டு பாதியும் சேருமிடத்தில்
ஒரு தையலாவது தெரியுமா என்று
எத்தனையோ கூட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

தொப்ளான், வாட்ச்மேன்.
உறுப்பினர் எண் 212. பாக்கி வைத்ததே இல்லை.
லாரி நம்பர்களை பீடிக்கட்டுத் தாளில் எழுதி
கம்பெனிக்குக் கொண்டுபோகவில்லை,
எங்களிடம் கொண்டுவந்தான்.
"தோழர்கிட்ட குடுங்கம்மா.
நம்ம கல்ல யாரோ அள்ளிட்டுப் போறாங்க."

கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ஐந்தாம் நம்பர் குழியில்
மாவில் புரட்டியதுபோல் கிடந்தான்.
டார்ச் விடியும்வரை எரிந்ததாம்.

கேட்டை மறித்து உட்கார்ந்தவர் தோழர்தான்.
இரண்டு பகல், ஒரு ராத்திரி. பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.
பிணத்தை எடுக்க விடவில்லை.
பதினெட்டாயிரம் ரூபாய், மகனுக்கு வேலை:
ஒரு வாட்ச்மேனுக்கு சேலம் ஜில்லாவில்
அதுவரை யாரும் வாங்கியதில்லை.
பாவாயி காலில் விழப்போனாள்.
"கால்ல விழறதுக்கா சங்கம் வெச்சோம், எந்திரிம்மா" என்று
தோளைப் பிடித்து நிறுத்தினார்.
நான் இரண்டு முழ தூரத்தில் நின்றிருந்தேன்.
அது நிஜக் கண்ணீர்.
நடிப்பாக இருந்திருந்தால்
எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அன்றிரவு படியேறி வந்தார்.
"அந்தத் தாளு?"
"உங்ககிட்டதான் குடுத்தேன் தோழர்."
"காப்பி?"
ரயில் ஒன்று போய் முடிகிறவரை நின்றார்.
நான் இல்லை என்றேன்.
அவர் நம்பவில்லை. நான் பேசமாட்டேன் என்பதை மட்டும் நம்பினார்.
அடுத்த மாதம் எனக்கு இருபத்தைந்து ரூபாய் கூடியது.
வாங்கிக்கொண்டேன்.

முதல் தேதி சாயங்காலம்.
படியில் புதுக்கால் ஒன்று,
பதினொன்றில் தடுக்கிச் சுவரைப் பிடிக்கிறது.
தொப்ளான் மகன்.
பேர் சொல்லு என்கிறேன், தெரிந்தும்.
"சமதர்மன். தோழர் வெச்ச பேருங்க."
கையில் இரண்டு ரூபாய் நோட்டு, மடிப்புக்குள் வெள்ளைத் தூசி.
கார்பனைச் செருகி
அழுத்தி எழுதுகிறேன்,
கீழே மூன்று தாளுக்குப் பதிகிறமாதிரி.
"பாத்து எறங்குப்பா" என்கிறேன்.
வேறு எதுவும் சொல்லவில்லை.