தேனீயைக் கொசுவாக்கிய கணக்கு

முந்நூறு ரூபாய்க்குள் முடிக்கச் சொன்னார் எட்வின் சார்.
ரசீது கட்டாயம்.
வெள்ளிக்கிழமை டெங்கு ஊர்வலத்தில் ஏடிஸ் கொசு நான்தான்.
உயரம் சரியாக இருக்கிறது என்றார்.
வாயும், என்றாள் அடைக்கி.

காரைக்குடியில், கல்லுக்கட்டிக்குப் பின்சந்தில்
வேஷத்துணிக் கடை.
கிருஷ்ணர் இருக்கு, சிங்கம் இருக்கு,
கொசுவை யாரும்மா காசு கொடுத்து வாங்குவா?
அலமாரிக்கு அடியில் ஒரு தேனீ கிடந்தது.
கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உறை,
மஞ்சள் கறுப்பு மஞ்சள் கறுப்பு,
பெரியவர் அளவு, முதுகு ஜிப் பாதியில் நிற்கும்.
இருநூற்று அறுபதுக்குத் தந்தார்.
கறுப்பு கிடக்கட்டும்,
மஞ்சளை மட்டும் வெள்ளையாக்கினால் கொசு
என்று டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.
கையில் நாற்பது ரூபாய்.

மஞ்சள் என்ன லேசுப்பட்ட நிறமா!
பிளீச்சிங் பவுடருக்கு எங்கள் வேலையில் பஞ்சமில்லை.
வாளியில் கரைத்து
ஒரு கையை மட்டும் ராத்திரி முழுக்க ஊறவிட்டேன்.
விடிந்து பார்த்தால் மஞ்சள் அப்படியே சிரிக்கிறது,
தையல் நூல்தான் இற்றுப்போயிருக்கிறது.
பாலியெஸ்டர்க்கா, என்றான் எதிர்வீட்டு டெய்லர் ரகமத்து.
சாயத்தை முழுங்கி வச்சிருக்கும், கக்காது.

அடுத்து, சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட்.
தரையில் விரித்து அடித்தேன்,
காய்ந்தபோது அழகாகத்தான் இருந்தது.
காலை நுழைத்ததும்
சித்திரைக் கண்மாய் மாதிரி வெடித்து
வெடிப்புக்கு வெடிப்பு மஞ்சள்.
உரித்தெடுக்க ஒரு சாயங்காலம் போயிற்று.

'உள்ள ஆள் இருக்கையில அடிக்கணும்டி ராக்கு,
துணி இழுத்து நிக்கும்போதே குடிக்கணும்.'
துணிப் பெயிண்ட் ஒரு புட்டி முப்பத்தைந்து.
கறுப்பை மறைக்க ஒட்டுநாடா ஐந்து.
பாத்திரம் தேய்க்கும் பஞ்சு வீட்டிலேயே இருந்தது.

நிலைக்கதவில் இரு கையும் ஊன்றி நின்றேன்.
மூச்சை இழு என்பாள், விடாதே என்பாள்,
ஒற்றி ஒற்றி எடுப்பாள்.
ஃபேன் போட்டால் சீக்கிரம் காயும், கரண்ட் இல்லை.
வயிற்றுப் பட்டைக்கு மட்டும் நாலு பூச்சு.
அதற்கு அடியில்
இரண்டு பிரசவம் போட்டுவிட்டுப் போன வெள்ளைக் கோடுகள்
செலவில்லாமல் ஏற்கெனவே இருக்கின்றன.
நான் சொல்லவில்லை.
சொன்னால் சிரிப்பாள், பஞ்சு வழுக்கிக்
கறுப்பில் ஏறிவிடும்.

வெள்ளிக்கிழமை முட்டி மடக்காமல் நடந்தேன்.
மடக்கினால் மஞ்சள்.
முதல் வரிசைப் பையன் ஒருவன் கண்டுபிடித்துவிட்டான்,
டேய் தேனீடா.
உறிஞ்சுகுழலால் அவன் தலையில் ஒன்று போட்டேன்.

திரும்பும் வழியில்தான் அந்தப் பதினேழாம் நம்பர் வீடு.
தெருவுக்குத் தெரு நீளும் மதில்.
மூன்று வருஷமாக
டார்ச்சும் அபேட் மருந்தும் அடையாள அட்டையுமாய்
நான் போய் நிற்க,
ஓனர் மலேசியாவில, சாவி எங்கிட்ட இல்ல என்பார்
வாட்ச்மேன் வீரணன்.
இன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
'ஏ கொசு! இங்க வா, ஒரு போட்டோ.
உள்முற்றத்துல வெளிச்சம் நல்லாருக்கும்.'
இடுப்பிலிருந்து எடுத்தார் சாவியை.

நடுமுற்றம்.
மழை விழுந்து விழுந்து நிறைந்த அண்டாக்கள், எட்டு.
குனிந்து டார்ச் அடித்தேன்.
வாலை வெட்டிக்கொண்டு ஆயிரம் புழு,
தண்ணீரில் என் முகம்,
கொம்பும் குழலுமாய்.
நல்லா சிரிம்மா, என்றார் வீரணன் பின்னாலிருந்து.
சிரித்துக்கொண்டே மருந்தை ஊற்றினேன்.

சனிக்கிழமை எட்வின் சார் ரசீதைத் திருப்பித் தந்தார்.
தேனீ உடை ஒன்று, என்று போட்டிருக்கிறதாம்.
கொசுவுக்கு எப்படிப் பாஸ் பண்ணுவது,
ஆடிட்டில் கேட்பார்கள்.

உடையை மேஜைமேல் விரித்து
முட்டியைப் பிடித்து இழுத்துக் காட்டினேன்.