இரைச்சலின் முகவரி

மொல்டேயில், பள்ளிக்கூடப் பழம்பொருள் சந்தையில்
ஐம்பது குரோனருக்கு வாங்கினேன்,
பின்பலகை இல்லாத வால்வு ரேடியோவை.
"இதில் என்ன கேட்பாய்?" என்றாள் எல்ட்பியோர்க்.
நியாயமான கேள்வி.
இந்த நாட்டில் மீடியம் வேவை
எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள்.

படகில் எனக்கு ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் ஓய்வு.
மூன்று ஓய்வு வாரங்கள் இதற்கே போயின.
மெழுகு ஒழுகிய காகிதக் கெபாசிட்டர்கள் பதினொன்று.
தேக்கி வைக்கப் பிறந்தவை
தேக்க மறந்து கசிந்துகொண்டிருந்தன.
ரெசிஸ்டர்கள் நேரெதிர்.
வயது ஏற ஏற முரண்டு கூடி,
நாற்பத்தேழாயிரம் ஓம் என்று வண்ணப்பட்டை சொல்ல
மீட்டர் எழுபதைத் தாண்டியது.
வால்வுகளைக் குறை சொல்ல முடியாது.
ஒன்றின் கால்களைச் சுரண்டினேன். போதும்.

எடுத்த எடுப்பில் முழு மின்சாரம் தாங்காது.
நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்து
அறுபது வோல்ட், நூறு, நூற்று நாற்பது,
நோயாளிக்குக் கஞ்சி புகட்டுவதுபோல.
நாலாம் மாலை பச்சைக் கண் திறந்தது.

டயலில் மோட்டாலா, கலுண்ட்போர்க், ஹில்வர்சம்.
முள்ளை ஊர் ஊராக நடத்திப் போனேன்.
எந்த ஊரிலும் ஆளில்லை.

பதினொரு மணிக்கு மேல் ஒரு ஸ்பானியக் குரல்,
கால்பந்தோ ஏலமோ, மூச்சுவிடாமல்.
அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு
ஒரு ரீங்காரம்.

ரேடியோவில் குறையில்லை.
சின்ன டிரான்சிஸ்டரைக் கையில் பிடித்துத்
தெருவில் நடந்தேன், மைனஸ் ஒன்பதில், வேலியோரமாக.
கிர்ர் என்பது ஸ்டெய்னுல்ஃபின் கார் சார்ஜர்.
விட்டுவிட்டு இருமுவது பள்ளியின் வாசல் விளக்கு.
பெரிய ரீங்காரம் ராக்ன்வால்டின் ஹீட் பம்ப்.
என் ஸ்ப்ரூஸ் மரம் அவர் படகுக் கொட்டகைமேல் விழுந்து
மூன்று வருடமாகப் பேச்சில்லாத ராக்ன்வால்ட்.

பிப்ரவரியில் ஒரு நாள்
ஸ்பானியக்காரர் கண்ணாடிபோல் தெளிந்தார்.
எல்ட்பியோர்க்கூட எழுந்து வந்து கேட்டாள்.
ஒரு இரவு மகிழ்ந்தேன்.
மறுநாள் இரவும் தெளிவு.
அதற்குமேல் உட்கார முடியவில்லை.

கதவைத் திறந்தவர்
வீட்டுக்குள்ளேயே ஓவர்கோட்டில் இருந்தார்.
"பம்ப் படுத்துவிட்டது. ஆள் வர ஒன்பது நாளாம்.
உனக்கு எப்படித் தெரியும்?"
"ரேடியோ சொன்னது."
அவர் சிரிக்கவில்லை. உள்ளே விட்டார்.

பலகையில் ஒரு கெபாசிட்டர்
தலை புடைத்து நின்றது.
என் டப்பாவில் அதே அளவு இருந்தது.

இப்போது மணி பதினொன்று.
கோல் விழுந்ததா, விலை படிந்ததா
தெரியவில்லை.
ராக்ன்வால்டின் வீடு
சத்தமாகச் சூடாகிக்கொண்டிருக்கிறது.