அறுநூற்று நாற்பது

புன்டா அரேனாஸில் நவம்பர்.
காற்று ஆளைத் தூக்கும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுகிறது நகராட்சி.
அதைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தார்
நொல்பெர்த்தோ ஒயார்சோ.
நண்டுப் படகில் நாற்பது வருடம்,
வலது கையில் ஒரு விரல் குறைவு.

ஊசி போட்ட அன்றே சொல்லியிருந்தேன்:
உள்ளே போவது கிருமியில்லை, ஒரு சீட்டு.
கொழுப்புத் துளிக்குள் மடித்து வைத்தது.
உங்கள் அணுக்கள் அதை வாசித்து
புதுக் காய்ச்சலின் முள்ளை மட்டும் செய்து பார்க்கும்,
பிறகு சீட்டைக் கிழித்துவிடும்.
"எங்கள் கேப்டன் மாதிரி" என்றார்,
"கணக்கை வாசித்ததும் அடுப்பில் போடுவார்."

மூன்றாம் நாள் அக்குளில் நெல்லிக்காய்போல் ஒரு கட்டி.
அதற்குள் இரவு பகலாய்த் தேர்வு நடந்தது.
முள்ளைத் தவறவிட்டவை பட்டினியில் சாக,
கவ்வியவை பெருகி,
தம்மைத் தாமே கொஞ்சம் பிழையாக எழுதிக்கொண்டு
மறுபடி வரிசையில் நின்றன.

என் வேலை அத்தனை பெரிதல்ல.
சீரத்தைப் பாதியாக்கி, அந்தப் பாதியைப் பாதியாக்கி
குழிகுழியாகக் கரைத்துக்கொண்டே போவது.
கொன்று வைத்த வைரஸ் ஒரு சொட்டு.
வான்கோழி இரத்தம் ஒரு சொட்டு.
அரைமணி.
எதிர்ப்பான் இருந்தால் இரத்தம் அடியில் இறங்கிப்
பொட்டாக நிற்கும்.
இல்லையேல் வெறும் செம்மங்கல்.

புது வைரஸுக்கு நாற்பது வரை பொட்டு.
பரவாயில்லை.
ஒப்பிட வைத்த கடைசி வரிசை,
ஐம்பத்தேழின் காய்ச்சல்,
இன்று எந்த மூச்சிலும் இல்லாதது:
ஊசிக்கு முன் எண்பது,
இப்போது அறுநூற்று நாற்பது.

தட்டைச் சாய்த்தேன்.
ஒவ்வொரு பொட்டும் கண்ணீர்போல் வழிந்தது.
சோதனை சரி என்பதற்கு
அதுதான் அடையாளம், வேறொன்றுமில்லை.

முந்தி வந்தவனுக்கே முதல் பந்தி உடம்பில்.
புதியவன் கதவைத் தட்டினாலும்
பழையவன் பெயர் சொல்லித்தான் எழுந்து வருகிறது.

"ஐம்பத்தேழில் எங்கே இருந்தீர்கள்?"
"போர்வெனிரில். எட்டு மாதக் குழந்தை.
அக்கா ஒருத்தி இருந்தாளாம், ஓத்திலியா.
அந்த ஆகஸ்டில் போய்விட்டாள்.
ஒரே கட்டில் என்பார்கள். எனக்கு முகம் தெரியாது.
படமும் இல்லை."

தட்டைக் கேட்டு வாங்கினார்.
வெளிச்சத்தில் பிடித்தார்.
"இதில் அவள்…" என்று தொடங்கி
கடைசிக் குழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிவத்தில் ஓர் எண்ணுக்குத்தான் கட்டம்.
எழுதினேன்.

நாலு விரலால் சட்டைக்கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு
அடுத்தது எப்போது என்றார்.
மே மாதம் என்றேன். காற்று அடங்கியிருக்கும்.
"கயிற்றை அவிழ்த்துவிடுவார்களே" என்றார்,
கவலைப்படுகிறவர்போல.