பதினொரு சாவிகள்

ஆணியில் பதினொரு சாவிகள்.
ஒன்றுகூட என் வீட்டுடையது அல்ல.

ஸாவூர் பத்தூமி போகும்போதெல்லாம்
அவர் பூனைக்கு நான்.
த்சியாலா வீட்டு எரிவாயு மீட்டர் பார்க்க வருபவனுக்குக்
கதவு திறக்க நான்.
மூன்றாம் மாடி மாணவர்களின் பார்சல்,
யாருடையதென்றே மறந்துபோன ஒரு தொட்டிச்செடி,
எல்லாவற்றுக்கும்
"மக்வாலாதான் இருக்கிறாளே."

இருக்கிறேன்தான்.
திபிலிசியில் எங்கள் கட்டட லிஃப்ட்கூட
காசு போட்டால்தான் அசையும்.

நேற்று ஸாவூர் கேட்டார், கத்திகள் எங்கே என்று.
இடம் மாற்றி வைத்தேன், இதுதான் வசதி என்றேன்.
அவர் கோபப்படவில்லை.
தன் வீட்டிலேயே விருந்தாளி போல
"எந்த இழுப்பறை?" என்றார்.

அந்தக் கேள்வி ராத்திரி முழுக்க
என் பக்கத்தில் படுத்திருந்தது.

காலையில் சாவிகளை மாவுச் சல்லடையில் அள்ளிக்கொண்டு
ஏழு மாடியும் படியிலேயே இறங்கினேன்.
முதல் கதவில் நாக்கு எழவில்லை.
இரண்டாவதில் முட்டிவலி என்று பொய்.
ஐந்தாவதில்தான்
காரணம் எதுவும் ஒட்டாத
வெறும் "முடியாது."
த்சியாலா கதவைச் சற்றுச் சத்தமாகவே சாத்தினாள்.
சாத்தட்டும். அவள் கதவு.

மிச்சம் ஒன்று.
ஆற்றுக்கு அக்கரையில் என் மகன் ரேவாஸ் வீடு.
அவன் தந்ததில்லை அது.
அவன் தூங்கியபோது எடுத்துப்போய்
நான் நகல் செய்தது.

பேருந்து நிறுத்தத்தில் மழை.
முதல் தடவையாக ஃபோனில் கேட்டேன்:
வரலாமா?

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்.
"ஞாயிற்றுக்கிழமை வா, அம்மா."

இன்று செவ்வாய்.